குறி தப்பாத கைக்குக் கிட்டாத மேடை

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள நீம் நகரில் உள்ளரங்க வில் போட்டி ஒன்று நடைபெற்றது. வரிசையில் நின்று அம்பு எய்தவர்களில் ஹாலந்து நாட்டு இளைஞர் ஒருவரும் இருந்தார். பெயர் மைக் ஷ்லோசர். வயது 21. இலக்கு 18 மீட்டர் தூரத்தில், அதாவது சுமார் 59 அடி தள்ளி வைக்கப்பட்டிருந்தது. எய்ய வேண்டிய அம்புகள் 60. ஒரு அம்புக்கு அதிகபட்சம் 10 புள்ளிகள். அறுபதும் எய்து முடித்தபோது அவர் கணக்கில் இருந்தவை 600 புள்ளிகள். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. சர்வதேசப் போட்டியில் இந்த முழு எண்ணிக்கையை எட்டிய முதல் மனிதர் அவர்தான்.

இந்த எண்ணிக்கையின் அருமை விளங்க வேண்டுமானால் இலக்கின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கையாளும் வில் வகைக்கு உள்ளரங்கப் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 2 சென்டிமீட்டர். நம் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு 59 அடி பின்னால் போய் நின்று பார்த்தால் விஷயம் புரியும். நாணயம் கண்ணுக்குத் தெரிந்தாலே பெரிது. அதில் ஒன்றன்பின் ஒன்றாக அறுபது முறை அம்பைப் பதிக்க வேண்டும். ஐம்பதாவது அம்பில், 'இன்னும் பத்துத்தானே பாக்கி' என்ற நினைப்பு வந்துவிட்டால் போதும், கை ஆடிவிடும். அந்த நினைப்பையும் சேர்த்து வென்றவருக்கு வில் உலகம் 'மிஸ்டர் பெர்ஃபெக்ட்' என்று பட்டப்பெயர் சூட்டியது. குறையே இல்லாதவர் என்பது அதன் பொருள்.

இத்தனை திறமை படைத்தவர் எத்தனை ஒலிம்பிக் பதக்கங்கள் வாங்கியிருப்பார் என்று கேட்கத் தோன்றும். ஒன்றுகூட இல்லை. போட்டியிட்டுத் தோற்றார் என்றும் சொல்ல முடியாது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் வரையில் தம் வில்லோடு அந்த மைதானத்துக்குள் கால் வைக்கவே அவருக்கு வழி இருக்கவில்லை. அவர் பயிலும் வில் ஒலிம்பிக் பட்டியலில் இல்லை என்பதே காரணம்.

ஒரு வேலையில் உலகத்திலேயே சிறந்து நிற்பவருக்கு, அந்த வேலைக்கு மேடை இல்லை என்ற ஒரே காரணத்தால் பெருமை குறைந்துவிடுமா? இந்தக் கேள்வி ஹாலந்துக்காரருக்கு மட்டும் உரியதல்ல. நம் நாட்டிலும் இதே வில்லைப் பிடித்து உலகத்தை வென்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆகவே அவருடைய கதையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

பத்தொன்பது வயதில் உலக வெற்றி

ஹாலந்து என்று நம்மவர்கள் சொல்லிப் பழகிய நெதர்லாந்தின் மக்கள் தொகை சுமார் 1.8 கோடி. சிறிய நாடுதான். ஆனால் வில்லுக்கும் அந்நாட்டுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. ஊர்களைக் காக்கக் குடிமக்களே வில்லாளிகளாகச் சேர்ந்து சங்கம் அமைத்துக் கொண்டது அங்கே பழைய காலத்து வழக்கம். போரில் வில்லுக்கு வேலை போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியும், தெற்கே பிராபன்ட், லிம்பர்க் பகுதிகளில் அந்தச் சங்கங்கள் இன்றும் திருவிழாக் காலங்களில் கொடியும் மேளமுமாக ஊர்வலம் வருகின்றன. உயரமான கம்பத்தின் உச்சியில் மரப்பறவையை வைத்து அதைக் குறிபார்த்து வீழ்த்தும் விளையாட்டும் நின்றுவிடவில்லை. அம்பால் துளைக்கப்பட்ட புனித செபஸ்தியாரின் பெயரைப் பல சங்கங்கள் தாங்கி நிற்கின்றன.

இந்த மண்ணில் 1994ஆம் ஆண்டு பிறந்தவர் ஷ்லோசர். 2013ஆம் ஆண்டு துருக்கி நாட்டின் பெலெக் நகரில் உலக சாம்பியன் போட்டி நடந்தது. அப்போது அவருக்கு வயது 19. கல்லூரிக்குப் போகும் வயதில் உலக சாம்பியனாகத் திரும்பினார். பிறகு நீம் நகரத்து 600. அதன்பின் உலகக் கோப்பைப் போட்டிகளில் பலமுறை தங்கம், உலகத் தரவரிசையில் முதலிடம் என்று வெற்றிகள் தொடர்ந்தன. பல விளையாட்டுகளில் இளவயதில் ஒரு வெற்றி பெற்றுவிட்டு மறைந்து போகிறவர்கள் உண்டு. பத்தாண்டுகளுக்கு மேலாக முதல் வரிசையை விட்டு நகராமல் நிற்பவர்கள் குறைவு. ஷ்லோசர் அந்தக் குறைவானவர்களில் ஒருவர்.

சக்கரம் வைத்த வில்

ஒலிம்பிக்கில் இதுகாறும் இடம் பெற்று வந்த வில்லுக்கும் ஷ்லோசரின் வில்லுக்கும் என்ன வேறுபாடு?

ஒலிம்பிக் வில்லின் பெயர் ரீகர்வ். இரு முனைகளும் வெளிப்புறம் வளைந்திருக்கும். நாணை விரல்களால் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். முழுவதும் இழுத்து நிற்கும்போதுதான் பாரம் அதிகம். அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டே குறிபார்த்து விட வேண்டும்.

மற்றொன்று காம்பவுண்ட் வில். இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன். 1966ல் விண்ணப்பித்து 1969ல் காப்புரிமை பெற்றார். வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்களைப் பொருத்தி, அவற்றின் வழியே கம்பி நாணை ஓட விட்டார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கப்பியைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் புரியும். இழுக்கத் தொடங்கும்போது பாரம் ஏறும்; ஓர் எல்லையைத் தாண்டியதும் சக்கரம் திரும்பிக் கொள்ள, பாரம் சட்டென்று குறைந்துவிடும். போட்டி விதிப்படி இழுவை 60 பவுண்டு வரை, அதாவது சுமார் 27 கிலோ வரை இருக்கலாம். ஆனால் முழுதும் இழுத்து நிற்கும்போது கையில் தங்குவது அதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். குறிபார்க்கப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி உண்டு. வில் சாய்கிறதா என்று காட்ட, கொத்தனார் ரசமட்டத்தில் இருப்பது போன்ற குமிழி உண்டு. நாணை விடுவதற்கு விரலுக்குப் பதில் சிறு விசை உண்டு.

இத்தனை வசதிகள் இருப்பதால்தான் இந்த வில்லை ஒருசாரார் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். "எல்லாவற்றையும் இயந்திரம் செய்துவிடுகிறது, மனிதனுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள்.

இயந்திரமா எய்கிறது?

இது லேத் பட்டறைக்குள் கால் வைக்காதவர் கேட்கும் கேள்வி. ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி மெஷின் பத்துப் பேரிடம் இருக்கிறது. ஒருவர் கடைந்த உருப்படி ஒரு நூல்கூடப் பிசகாமல் வருகிறது. அடுத்தவருடையது கழிவில் போய் விழுகிறது. மெஷின் ஒன்றேதான், கைதான் வேறு. டைப்ரைட்டர் இருந்த காலத்தில் ஒரே மாதிரி எந்திரத்தில் அடித்த இரண்டு குமாஸ்தாக்களின் காகிதங்களைப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியும்.

காம்பவுண்ட் வில்லின் சக்கரம் பாரத்தைக் குறைக்குமே தவிர, நடுக்கத்தைக் குறைக்காது. பெரிதாக்கும் கண்ணாடி இலக்கை மட்டுமா பெரிதாக்குகிறது? எய்பவரின் கை ஆடும் ஆட்டத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. புள்ளி நடுவட்டத்தில் நிற்காமல் அலைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அவசரப்பட்டு விசையைத் தட்டாமல், முதுகுத் தசையை மெல்ல இறுக்கி அது தானாகவே விடுபடும்படி செய்ய வேண்டும். 'இப்போது விடு' என்று மனம் கட்டளையிட்ட கணத்தில் அம்பு தவறிவிடும் என்பது இந்த வில்லைப் பிடித்தவர்களின் அனுபவம்.

தவிரவும், வசதி எல்லோருக்கும் பொது. ஷ்லோசருக்கு இருக்கும் கண்ணாடியும் குமிழியும் விசையும் எதிராளிக்கும் உண்டு. வசதி கூடக் கூடப் போட்டி எளிதாவதில்லை, கடினமாகிறது. ரீகர்வ் வில்லில் ஓர் அம்பு 8 புள்ளிக்குப் போனாலும் அடுத்த சுற்றில் ஈடுகட்டலாம். காம்பவுண்ட் போட்டியில் திறந்த வெளியில் 50 மீட்டர் தூரத்தில் 8 சென்டிமீட்டர் வட்டம். ஓர் ஆட்டத்துக்கு 15 அம்புகள். ஒவ்வொன்றுக்கும் 20 விநாடிகள். முதலிலிருந்து கடைசிவரை புள்ளிகள் கூட்டப்படும். முன்னணி வீரர்கள் இருவர் மோதும்போது ஒரேயொரு அம்பு 9 புள்ளிக்குப் போனால் ஆட்டமே போய்விடலாம். மன்னிப்புக்கு அங்கே இடமில்லை.

மேடையின் கதை

ஒலிம்பிக் பட்டியல் என்பது கல்லில் பொறித்த சாசனம் போன்றதல்ல. காலத்துக்குக் காலம் கூடியிருக்கும் குழுவினர் எடுக்கும் முடிவுதான் அது. வில் போட்டியின் வரலாறே இதற்குச் சான்று.

1920ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் நகரும் பறவை இலக்குப் பந்தயம் இருந்தது. 28 மீட்டர் தூரப் பிரிவில் ஹாலந்து அணி தங்கம் வென்றது. அடுத்து எட்டாண்டுகள் கழித்து, 1928ல், ஒலிம்பிக் ஹாலந்துக்கே வந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் விழா நடந்தது. ஆனால் அதில் வில் போட்டி இல்லை. சொந்த ஊரில் திருவிழா நடக்கும்போது வில்லாளிகள் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நிற்க வேண்டியதாயிற்று. 1920க்குப் பிறகு 1972 மியூனிக் வரை 52 ஆண்டுகள் வில்லுக்கு ஒலிம்பிக்கில் கதவு அடைத்தே கிடந்தது. அந்த அரை நூற்றாண்டில் எத்தனை தலைமுறை வில்லாளிகள் தோன்றி, உச்சத்தை எட்டி, முதுமை அடைந்து போயிருப்பார்கள்! அவர்களுடைய திறமை குறைந்ததா? குழு வைத்த பட்டியல் மாறியது, அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஹாலந்தின் வீட்ஸே வான் ஆல்டன் ரீகர்வ் தனிநபர் பிரிவில் வெண்கலம் வென்றார். அவர் பிடித்த வில்லுக்கு அப்போது மேடை இருந்தது. காம்பவுண்ட் வில்லுக்கு 1995 முதல் உலக சாம்பியன் போட்டியில் இடம் உண்டு. 2014ல் ஆசிய விளையாட்டிலும் சேர்க்கப்பட்டது. உடல் ஊனமுற்றோருக்கான பாராலிம்பிக்கிலும் அது இருக்கிறது. ஒலிம்பிக்கில் மட்டும் இல்லை. வீரர்களின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது என்பது அடிக்கடி சொல்லப்பட்டு வந்த காரணங்களுள் ஒன்று. பாரிஸ் ஒலிம்பிக்கில் வில் போட்டிக்கு அனுமதிக்கப்பட்டவர்கள் மொத்தம் 128 பேர்தான். இருக்கிற இடம் இவ்வளவு என்றால், புதிதாக ஒருவர் உட்கார ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் நகர வேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் நாள்தோறும் பயணம் செய்கிறவர்களுக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

ஒரே வீட்டில் இரண்டு வில்

இந்த வேறுபாட்டின் கூர்மையை ஷ்லோசர் தம் வீட்டுக்குள்ளேயே பார்க்கிறார். அவருடைய மனைவி கேப்ரியேலா பயார்டோவும் வில் வீராங்கனை. ஆனால் அவர் பிடிப்பது ரீகர்வ் வில்.

கேப்ரியேலா பிறந்தது மெக்சிகோ நாட்டின் டிஹுவானா நகரில். முதலில் மெக்சிகோ அணிக்காகவே அம்பு எய்தவர். பிறகு ஹாலந்தில் குடியேறி, அந்நாட்டு அணியில் இடம் பெற்றார். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்டீவ் வைலருடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இறுதி ஆட்டம் வரை போனார். தென் கொரியாவின் ஆன் சான், கிம் ஜே டியோக் ஜோடியிடம் 5-3 என்ற கணக்கில் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹாலந்துப் பெண்கள் அணியில் அவர் மீண்டும் நின்றார். கால் இறுதியில் அந்த அணி வென்றது இந்தியாவை. 6-0 என்ற கணக்கில். அரை இறுதியில் தென் கொரியாவுடன் சமநிலை வரை போராடி, தீர்வு அம்பில் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் எதிரே வந்த அணி மெக்சிகோ. வாழ வந்த நாட்டின் சட்டையை அணிந்து, பிறந்த நாட்டை எதிர்த்து அவர் நிற்க வேண்டியிருந்தது. மெக்சிகோ வென்றது, வெண்கலம் அங்கே போயிற்று.

பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்த நிலை எளிதில் புரியும். வந்த இடத்துக்கு உழைப்பில் குறை வைக்க முடியாது. பிறந்த இடத்தை மனத்திலிருந்து அழிக்கவும் முடியாது. இரண்டுக்கும் நேர்மையாக நடந்துகொள்ள ஒரே வழி, கையில் எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வதுதான்.

ஆக, ஒரே வீட்டில் இருவர். இருவரும் வில்லாளிகள். ஒருவர் உலக சாம்பியன், 600க்கு 600 எடுத்தவர். ஒலிம்பிக் வாசல் அவருக்கு மூடியே இருந்தது. மற்றவர் ஒலிம்பிக் வெள்ளி பெற்றவர். இதில் யாருடைய உழைப்பும் மற்றவருடையதற்குக் குறைந்ததல்ல. பிடித்த வில் வேறு என்பதால் கிடைத்த மேடை வேறு.

அறுநூறுக்குப் பிறகு என்ன?

நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அதற்கு மேல் ஏற இடமில்லை. 600ஐ யாரும் தாண்ட முடியாது. எட்டிப் பிடிக்கத்தான் முடியும். 21 வயதில் ஏணியின் கடைசிப் படியில் நின்றவர், ஒலிம்பிக் என்ற தூண்டுதலும் இல்லாமல் மறுநாள் காலையில் எதற்காக வில்லை எடுக்க வேண்டும்?

ஷ்லோசர் எடுத்தார் என்பதுதான் அவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய செய்தி. வென்றார், தோற்றார், மறுபடியும் வந்தார். 2023ஆம் ஆண்டு மே மாதம் ஷாங்காயில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்து நின்றவர் மகாராஷ்டிர மாநிலம் புல்டானாவைச் சேர்ந்த பிரதமேஷ் ஜாவ்கர். வயது 19. அதே வயதில்தான் ஷ்லோசரும் பெலெக் நகரில் உலக சாம்பியனாகியிருந்தார். 15 அம்புகளில் ஷ்லோசர் எடுத்தது 148. ஜாவ்கர் எடுத்தது 149. உலகின் முதல் நிலை வீரர் ஒரு புள்ளியில் தோற்றார். 150க்கு 148 எடுத்தவரைத் தோற்றவர் என்று எழுதுவதற்கே கை கூசுகிறது. ஆனால் இந்த விளையாட்டின் நியதி அது.

ஒரு மனிதரின் உயரத்தை அவர் ஏறிய பலகையை வைத்து அளப்பவர்களுக்கு இந்தக் கதையில் சொல்ல எதுவும் இருக்காது. நாள்தோறும் செய்யும் வேலையில் அவர் வைத்திருக்கும் தரத்தை வைத்து அளப்பவர்களுக்கு நிறைய இருக்கிறது.

கரும்புக் காட்டில் விளைந்த தங்கம்

இந்தியாவின் நிலை இதைவிட விசித்திரமானது. 1988 சியோல் ஒலிம்பிக் முதல் இந்திய வில்லாளிகள் ரீகர்வ் வில்லோடு ஒலிம்பிக் போய் வருகிறார்கள். 2024 பாரிஸ் முடிய ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. பாரிஸில் கலப்பு அணி நான்காம் இடம் வரை போனதுதான் இதுவரை எட்டிய உயர்ந்த நிலை. ஆனால் ஒலிம்பிக்கில் இல்லாத காம்பவுண்ட் வில்லில் இந்தியா உலகத்தின் முதல் வரிசையில் நிற்கிறது.

2023 ஆகஸ்டில் பெர்லின் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஜோதி சுரேகா, அதிதி சுவாமி, பர்னீத் கவுர் ஆகிய மூவர் அணி தங்கம் வென்றது. உலக சாம்பியன் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வில் தங்கம் அதுதான். அடுத்த நாளே 17 வயது அதிதி தனிநபர் தங்கத்தையும் வென்றார். ஆண்கள் பிரிவில் நாகபுரியைச் சேர்ந்த ஓஜஸ் தேவ்தளே இறுதி ஆட்டத்தில் 150க்கு 150 எடுத்து, 149 எடுத்த போலந்து வீரரை வீழ்த்தி உலக சாம்பியனானார். அதிதியும் ஓஜஸும் பயிற்சி பெற்றது மும்பையிலிருந்து ஓரிரவுப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய சாத்தாராவில், பிரவீண் சாவந்த் என்ற பயிற்சியாளரிடம். கரும்புத் தோட்டங்களின் நடுவே அமைந்த எளிய பயிற்சிக்கூடம் அது. அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில்லுக்கு இருந்த ஐந்து தங்கங்களையும் இந்தியாவே அள்ளிக்கொண்டு வந்தது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இரு கைகளும் இல்லாத சீதள் தேவி, ராகேஷ் குமாருடன் சேர்ந்து இதே வில்லில் வெண்கலம் வென்றார்.

அரசு இவர்களை மறந்துவிடவில்லை. அர்ஜுனா விருது ஜோதி சுரேகாவுக்கு 2017லும், ஓஜஸ், அதிதி இருவருக்கும் 2023லும் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் விருது என்பது வென்ற பிறகு போடும் மாலை. வெல்வதற்கு முன்பு சோறும் வில்லும் வேலையும் வேண்டும். 2014ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சிறப்பு உதவித் திட்டத்தின் பெயரே ஒலிம்பிக் மேடையைக் குறிவைக்கும் திட்டம் என்பதுதான். அதன் கண் இயல்பாகவே ஒலிம்பிக்கில் இடம்பெற்ற பந்தயங்களின் மீதுதான் இருக்கும். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கும்போதும் ஒலிம்பிக் முதல் படி. உலக சாம்பியன் போட்டி, ஆசிய விளையாட்டு முதலியவை அதற்கு அடுத்த படி.

பட்டியலா, திறமையா?

இந்தப் படிநிலை ஏன் இருக்கிறது என்பதும் புரியாததல்ல. பணம் அளவானது, கேட்பவர்கள் பலர். எல்லா விளையாட்டுக்கும் சமமாகப் பங்கிட்டால் எதற்கும் போதாது. ஒலிம்பிக் பதக்கத்துக்கு உலகம் முழுவதும் மதிப்பு இருப்பதால் அதற்கு முதலிடம் தருவது தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். ஒலிம்பிக்கில் நுழைய முடிந்து தோற்றவரை ஒரு படி மேலேயும், நுழையவே முடியாத பந்தயத்தில் உலகத்தை வென்றவரை ஒரு படி கீழேயும் வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? உலக சாம்பியனுக்கு மேலே ஏற வேறு படி இல்லாத பந்தயத்தில், உலக சாம்பியன் பட்டத்தையே முதல் படியாகக் கொள்வதுதான் முறை.

அலுவலகங்களில் இதே கதை நாள்தோறும் நடக்கிறது. இருபது வருடம் ஒரு தப்புக் கணக்கு எழுதாத கணக்கர் இருப்பார். பதவி உயர்வு நேரம் வரும்போது, "உங்கள் பிரிவில் மேலே போஸ்ட் இல்லையே, என்ன செய்வது?" என்று மேலதிகாரி கையை விரிப்பார். பக்கத்துப் பிரிவில் அவரைவிடக் குறைந்தவர், காலியிடம் இருந்த ஒரே காரணத்தால், நாற்காலி மாறி உட்காருவார். இதனால் மனம் கசந்து, மறுநாள் முதல் ஏனோதானோ என்று எழுதத் தொடங்குகிறவர்கள் உண்டு. முன்போலவே எழுதிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நிர்வாகம் நடப்பது இரண்டாமவரால்தான். ஆனால் அதையே சாக்காக வைத்து, "அவர்தான் எப்படியும் வேலை செய்கிறாரே" என்று நிர்வாகம் படியை அமைக்காமல் விடுவது அநியாயம். கேட்காமல் உழைப்பவருக்குக் கேட்காமலே செய்வதுதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம்.

வில் விஷயத்தில் அந்தப் படி இப்போது பாதி அமைந்திருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவைச் சேர்ப்பதென்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. உலக சாம்பியன் போட்டியில் இந்த வில் நுழைந்து 33 ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக் கதவு திறக்கிறது. அதுவும் ஒருக்களித்துத்தான். தனிநபர் பிரிவு இல்லை. ஆண்கள், பெண்கள் அணிப் பிரிவுகளும் இல்லை. ஒரு நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண், ஒரே ஜோடி. அப்போது ஷ்லோசருக்கு வயது 34 ஆகியிருக்கும். அவர் தேர்வாகலாம், ஆகாமலும் போகலாம். இந்தியாவில் தகுதி உள்ளவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். போகப் போவது இருவர். மீதிப் பேர் நிலை பழையபடிதான்.

இங்கேதான் ஓர் அபாயம் இருக்கிறது. கதவு திறந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், அந்த இருவருக்கு மட்டும் பணத்தைக் கொட்டிவிட்டு மற்றவர்களை விட்டுவிடும் போக்கு தலைதூக்கக் கூடும். 2028க்குப் பின் குழு மறுபடியும் பட்டியலை மாற்றினால், இந்த வில்லையே கைவிட்டுவிடவும் கூடும். 1920ல் இருந்தது 1928ல் இல்லாமல் போனதை மறந்துவிடக் கூடாது. சாத்தாராவின் பயிற்சிக்கூடம் ஒலிம்பிக் அறிவிப்பை எதிர்பார்த்துத் தொடங்கப்பட்டதல்ல. அறிவிப்பு வருவதற்கு முன்பே அது இரண்டு உலக சாம்பியன்களைத் தந்துவிட்டது. அப்படிப்பட்ட இடங்களுக்குப் பட்டியலைப் பார்க்காமல் உதவி போய்ச் சேர வேண்டும். ரயில்வே, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களுக்கு வேலை தரும்போது, அந்தந்த விளையாட்டில் உள்ள மிக உயர்ந்த போட்டி எதுவோ அதை முதல் படியாக எண்ண வேண்டும். இதற்குப் புதிய செலவு எதுவும் இல்லை. விதியில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

பெற்றோர்களுக்கும் இதில் பங்குண்டு. கபடியோ கேரமோ சதுரங்கமோ வில்லோ, பிள்ளை ஒன்றில் ஈடுபாடு காட்டும்போது, "இது ஒலிம்பிக்கில் இருக்கிறதா? இதனால் வேலை கிடைக்குமா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டு வாயை அடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வாடகையும் பள்ளிச் சம்பளமும் கட்டித் தவிக்கும் குடும்பத்தில் அந்தக் கேள்வி எழுவதில் தவறில்லை. ஆனால் அது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். "எவ்வளவு நன்றாகச் செய்கிறாய்?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். நன்றாகச் செய்யும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அந்த விளையாட்டு எந்தப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிற்காலத்தில் அவன் கையில் எடுக்கும் வேலையில் அது தெரியும்.